தினமும் உப்பால் பல் தேய்த்தவர்... பற்களின் இடுக்கில் ஒளிந்திருந்த கூட்டத்தைக் கண்டுபிடித்த துணிக்கடைக்காரர்!

பல் தேய்ச்சாச்சு. வாய் கொப்பளிச்சாச்சு. கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சிரித்தும் பார்த்தாச்சு. பற்கள் பளிச்னு இருக்கு. சரி, இப்போது ஒரு சின்ன வேலை. கடைவாய்ப் பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில் விரல் நகத்தால் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக, கரைத்த மாவு மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வரும்.

நாமெல்லாம் அதைப் பார்த்ததும் முகம் சுளித்து, கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். சுமார் 340 வருடங்களுக்கு முன்பு நெதர்லாந்தில் ஒரு மனிதர் அப்படிச் செய்யவில்லை. அந்த வெள்ளை மாவை எடுத்து, கொஞ்சம் மழைத்தண்ணீரில் கலந்து, தானே செய்த குட்டி உருப்பெருக்கிக்குள் வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு கூட்டமே ஓடியாடிக்கொண்டிருந்தது!

அவர் பெயர் ஆண்டன் வான் லூவன்ஹூக். பள்ளி அறிவியல் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருக்கலாம். நுண்ணுயிரிகளை முதன்முதலில் பார்த்துச் சொன்னவர் என்று ஒரே வரியில் கடந்துபோயிருப்போம். ஆனால், நாம் தினமும் காலையிலும் இரவிலும் பிரஷ்ஷைக் கையில் எடுக்கிறோமே, அந்த இரண்டு நிமிட வேலை எதற்காக என்பதற்கான முதல் தடயம் இவருடைய வாயிலிருந்துதான் கிடைத்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இவர் பல்லைக் கவனிக்காத ஆள் இல்லை. ஊரிலேயே பல்லை அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர்!

கூடை முடைபவரின் மகன்

1632-ம் ஆண்டு அக்டோபரில் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர் லூவன்ஹூக். கால்வாய்களும் பீங்கான் பட்டறைகளும் நிறைந்த சின்ன ஊர் அது. புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் பிறந்ததும் அதே ஊரில், அதே வருடத்தில்தான். லூவன்ஹூக்கின் அப்பா கூடை முடைகிறவர். அம்மா, பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துபோக, அம்மா மறுமணம் செய்துகொண்டார்.

பையனுக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அறிஞர்களின் மொழி லத்தீன். அது இவருக்குத் தெரியாது. 16 வயதில், 1648-ல், தொழில் கற்றுக்கொள்ள ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வியாபாரியிடம் சேர்த்துவிட்டார்கள். சில வருடங்களில் தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்த ஊர் திரும்பினார். 1654-ல் பார்பரா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, துணிக்கடையும் வைத்தார்.

அந்த ஆம்ஸ்டர்டாமைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த நூற்றாண்டில் கடல் கடந்து வந்த கரும்புச் சர்க்கரையைக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் ஆலைகள் அங்கே டஜன்கணக்கில் இருந்தன. ஒருகாலத்தில் மருந்துக்கடையில் கொஞ்சமாக வாங்கிய சர்க்கரை, வசதியானவர்களின் சாப்பாட்டு மேஜைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. சொத்தைப் பல்லும் அதன் பின்னாலேயே வந்தது. வலி தாங்க முடியாவிட்டால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. மயக்க மருந்து கிடையாது. சந்தைகளில் கூட்டம் கூட்டி பல் பிடுங்கும் ஆட்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

லூவன்ஹூக்கின் வீட்டு வாழ்க்கையும் லேசானதாக இல்லை. பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். 1666-ல் மனைவியும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது மரியா என்ற ஒரே மகள். அவர் கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பாவின் கடைசி மூச்சு வரை கூடவே இருந்தார்.

நூலைப் பார்க்கும் கண்ணாடி

1660-ல் டெல்ஃப்ட் நகர மன்றத்தில் இவருக்கு ஒரு வேலை கிடைத்தது. வேலை என்னன்னு கேட்டா... அலுவலகத்தைத் திறப்பது, மூடுவது, குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவது, இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது. கௌரவமான பதவிதான், நிலையான சம்பளமும் உண்டு. பிற்பாடு நில அளவையாளர் தகுதியும் பெற்றார். மதுப் பீப்பாய்களை அளந்து சரிபார்க்கும் பொறுப்பும் வந்தது. வெர்மீர் இறந்த பிறகு, கடனில் மூழ்கிக் கிடந்த அவருடைய சொத்துக் கணக்கை நிர்வகிக்க 1676-ல் நகரம் நியமித்தது இவரைத்தான். எதையும் அளந்து, எண்ணி, சரிபார்க்கும் ஆள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

துணி வியாபாரிகள் நெசவின் தரத்தைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். லூவன்ஹூக்குக்கு அந்தக் கண்ணாடி மீதே ஆசை வந்துவிட்டது. தானே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார். இவர் செய்த கருவியைப் பார்த்தால் மைக்ராஸ்கோப் என்றே நம்ப மாட்டீர்கள். சின்னதாக இரண்டு உலோகத் தகடுகள். நடுவே கடுகு மாதிரி ஒரே ஒரு லென்ஸ். பார்க்க வேண்டிய பொருளைக் குத்தி வைக்க ஒரு முள், அதை நகர்த்த ஒரு திருகு. அவ்வளவுதான். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றில் சிறந்த ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

1673-ல் டெல்ஃப்ட் மருத்துவர் ஒருவர் லண்டனின் ராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகப்படுத்திக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து அடுத்த 50 ஆண்டுகள், கண்டதையெல்லாம் தன் பேச்சு டச்சு மொழியிலேயே எழுதி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார் இந்தத் துணிக்கடைக்காரர்.

மிளகு தந்த அதிர்ச்சி!

மிளகு ஏன் காரமா இருக்கு? இந்தக் கேள்வி ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டது. மிளகில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருந்து, அவை நாக்கைக் குத்துகின்றனவோ என்று சந்தேகம். மிளகைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தார். முள் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால், நீந்தித் திரியும் உயிர்கள் தெரிந்தன. அதுவரை மனிதக் கண் பார்த்திராத அளவுக்குச் சின்னவை. 1676 அக்டோபரில் இதை விரிவாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

அங்கே சுலபமாக நம்பிவிடவில்லை. லத்தீன் தெரியாத கடைக்காரர், ஒரு துளித் தண்ணீரில் உயிர்க்கூட்டம் இருக்கிறது என்கிறார். யார்தான் நம்புவார்கள்? லூவன்ஹூக் சண்டைக்குப் போகவில்லை. ஊரில் மதிப்பு மிக்க எட்டுப் பேரை வரவழைத்துக் காட்டி, பார்த்தோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார். அவர்களில் மத போதகர்களும் இருந்தார்கள். 1677 நவம்பரில் லண்டனில் ராபர்ட் ஹூக் தானே சோதனை செய்து பார்த்து, அவர் சொன்னது உண்மைதான் என்று உறுதிப்படுத்தினார். 1680-ல் ராயல் சொசைட்டி இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இடையில் 1678-ல் பல்லையே குடைந்து பார்த்தார். பல் என்பது வெறும் கல் மாதிரி கெட்டியான பொருள் இல்லை. உள்ளே மிக மெல்லிய குழாய்கள் நெருக்கமாக அடுக்கி வைத்ததுபோல இருக்கின்றன என்று எழுதினார். ஐஸ்கிரீம் பட்டதும் பல் சுரீர்னு கூசுகிறதே, அதற்குக் காரணம் இந்தக் குழாய்கள்தான். மேலே இருக்கும் எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கினாலோ குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். குளிரும் சூடும் உள்ளே இருக்கும் நரம்பு வரை போய்த் தட்டும்.

1683, செப்டம்பர் 17

இந்தத் தேதியிட்ட கடிதத்தில்தான் லூவன்ஹூக் தன் வாயைத் திறந்து காட்டுகிறார். அப்போது அவருக்கு வயது 50. முதலில் தன் பழக்கத்தைச் சொல்கிறார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்த்து, தண்ணீரில் வாயை அலசுவாராம். சாப்பிட்டு முடித்ததும் கடைவாய்ப் பற்களின் இடுக்கைக் குச்சியால் சுத்தம் செய்து, துணியால் அழுத்தித் துடைப்பாராம். அதனால் அந்த வயதில் தன்னைப் போல வெள்ளையான, சுத்தமான பற்கள் உள்ளவர்கள் குறைவு என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொள்கிறார். கரடுமுரடான உப்பை வைத்துத் தேய்த்தாலும் ஈறில் ரத்தம் வராது என்பது அவர் சொல்லும் இன்னொரு விஷயம்.

ஈறில் ரத்தம் வராமல் இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம் என்று அவர் கணித்தது சரிதான். பல் தேய்க்கும்போது பேஸ்ட் நுரை இளஞ்சிவப்பாக வருவதை இன்றைக்கும் நிறைய பேர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சாதாரணம் இல்லை. ஈறு வீங்கியிருக்கிறது என்பதற்கான முதல் சிக்னல்.

இத்தனை சுத்தமாக இருந்தும், பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சில பற்களின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்ததைக் கவனித்தார் லூவன்ஹூக். வேறு யாராக இருந்தாலும் தன் பல்லின் அழுக்கை உலகத்துக்குச் சொல்ல யோசித்திருப்பார்கள். இவர் அதை எடுத்து மழைத்தண்ணீரில் கலந்தார். தன் எச்சிலிலும் கலந்து பார்த்தார். உள்ளே குட்டி ஜீவன்கள்! ஒரு வகை, தண்ணீரில் பாயும் மீனைப் போல விருட்டென்று ஓடியது. இன்னொரு வகை பம்பரம்போலச் சுழன்றது. வேறு ஒன்று கொசுக்கூட்டம்போல மொய்த்தது. படமும் வரையவைத்து அனுப்பினார். பாக்டீரியாவுக்கு மனிதர்கள் வரைந்த முதல் படங்கள் என்று இன்று கருதப்படுபவை, லூவன்ஹூக்கின் பல் இடுக்கிலிருந்து வந்தவைதான்.

தன் வாயோடு நிறுத்தவில்லை. பற்களைச் சுத்தமாக வைத்திருந்த இரண்டு பெண்கள், ஏறக்குறைய எட்டு வயதுக் குழந்தை ஒன்று என்று மற்றவர்களிடமும் சோதித்தார். அவர்களின் எச்சிலில் அந்த ஜீவன்கள் தெரியவில்லை. பல் இடுக்கில் இருந்த வெள்ளைப் பொருளில் மட்டும் தாராளமாக இருந்தன. அடுத்து, வாழ்நாளில் பல்லே தேய்த்திராத ஒரு முதியவர். அவர் பல்லில் இருந்து எடுத்ததைத் தண்ணீரில் கலந்தபோது, தண்ணீர் முழுவதுமே உயிரோடு அசைவதுபோல் தெரிந்ததாம்!

யோசித்துப் பார்த்தால், பல் பராமரிப்பின் முழுப் பாடமும் இந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. சுத்தமாக இருப்பவர் வாயிலும் கிருமி உண்டு. சுத்தம் செய்யாதவர் வாயில் அது பெருங்கூட்டம். அது வாழும் இடம் எச்சில் அல்ல. நம் கை எட்டாத இடுக்கு. நெதர்லாந்து முழுக்க இருக்கும் மக்கள்தொகையைவிடத் தன் ஒரு வாய்க்குள் இருக்கும் ஜீவன்களின் எண்ணிக்கை அதிகம் என்று அவர் கணக்குப் போட்டார். அவர் வீட்டுக்கு வந்த சில பெண்கள், வினிகரில் நெளியும் நுண்புழுக்களைப் பார்த்து இனிமேல் வினிகரையே தொட மாட்டோம் என்று அருவருப்பு அடைந்தார்களாம். பல்லுக்குள் இருப்பதைச் சொன்னால் என்ன ஆவார்களோ என்று அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது.

கொப்பளித்தால் போதுமா?

வினிகர் என்றதும் அவருக்கு ஒரு யோசனை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அந்த ஜீவன்கள் மீது துளி வினிகரைக் கலந்தால்? உடனே செத்துவிட்டன. அப்படியானால் வாயில் வினிகர் ஊற்றிக் கொப்பளித்தால் கதை முடிந்துவிடுமே!

செய்து பார்த்தார். காரமான வினிகரை வாயில் ஊற்றி, பற்களின் இடுக்குகளில் எல்லாம் ஓடவிட்டுக் கொப்பளித்தார். பிறகு தண்ணீரில் அலசினார். அதற்குப் பிறகு பல் இடுக்கில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்... உள்ளே அதே கூட்டம், அதே ஓட்டம்! வினிகர் மேலே இருந்தவற்றை மட்டும் கொன்றிருக்கிறது. கெட்டியாகப் படிந்த மாவுக்குள் அது இறங்கவே இல்லை என்று புரிந்துகொண்டார்.

இந்தச் சோதனையின் அருமை அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. இன்று பல் மருத்துவர்கள் பிளேக் என்று சொல்வது இதைத்தான். அது சும்மா ஒட்டியிருக்கும் சாப்பாட்டுத் துணுக்கு இல்லை. கிருமிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் வீடு கட்டிக்கொண்டு வாழும் படலம். மேலே ஊற்றும் எந்தத் திரவமும் அதன் அடி வரை சுலபமாகப் போகாது. மவுத் வாஷ் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, இன்றைக்குப் பல் தேய்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு லூவன்ஹூக் 1683-லேயே பதில் எழுதி வைத்துவிட்டார். அந்தப் படலத்தைக் கையால் தேய்த்து உடைத்தால்தான் உண்டு!

சூடான காபியும் கடைவாய்ப் பல்லும்

வருடங்கள் ஓடின. 1692-ல் மறுபடியும் தன் பல்லைச் சோதித்தார் லூவன்ஹூக். முன்பற்களில் இருந்து எடுத்ததில் அந்த ஜீவன்கள் உயிரோடு தென்படவில்லை. காரணம் தேடினார். தினமும் காலையில் வியர்க்கும் அளவுக்குச் சூடாகக் காபி குடிக்கும் பழக்கம் அவருக்கு. அந்தச் சூடுதான் அவற்றைக் கொன்றிருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

அத்தோடு விட்டிருந்தால், சூடான காபி பல்லுக்கு நல்லது என்று ஒரு வாட்ஸ்அப் டிப்ஸ் அப்போதே பிறந்திருக்கும்! ஆனால், அவர் தன் ஊகத்தையும் சோதித்தார். காபியின் சூடு அவ்வளவாகப் படாத கடைவாய்ப் பற்களில் இருந்து எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டம் பத்திரமாக இருந்தது. நாம் பல் தேய்க்கும்போது அவசரத்தில் தவறவிடுவதும் அதே இடத்தைத்தான். கண்ணாடியில் தெரியும் முன்பற்களுக்கு ராஜ மரியாதை. கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்குப் பிரஷ் போவதே இல்லை.

பல்லுக்குள் புழுவா?

சொத்தைப் பல்லை நாம் இன்றைக்கும் பூச்சிப் பல் என்றுதான் சொல்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையைப் பிடித்தால் பல்லில் இருக்கும் புழு விழும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஐரோப்பாவிலும் அப்படியே இருந்தது. அங்கே வேறொரு செடியின் விதையைப் புகைத்தார்கள்.

அப்படிப் புகை போட்டுப் பல்லில் இருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட புழுக்கள் லூவன்ஹூக்கின் கைக்கும் வந்தன. அவர் நிதானமாகப் பார்த்தார். இந்தப் புழுவை இதற்கு முன் எங்கோ பார்த்திருக்கிறோமே? ஆம், பாலாடைக்கட்டியில்! சீஸில் பிறக்கும் புழுவும் இதுவும் ஒன்றே என்று ஒப்பிட்டுக் கண்டறிந்து எழுதினார். 1700-ல் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. பல்லைக் குடையும் புழு என்று ஒன்று இல்லை; இருப்பது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சின்னக் கூட்டம். ஆனால், அந்தக் கூட்டம்தான் பல்லைக் கெடுக்கிறது என்ற முடிச்சு மட்டும் அன்றைக்கு அவிழவில்லை.

பல் பிடுங்கும் பேரரசர் வந்தார்

துணிக்கடைக்காரரின் புகழ் நாடுகளைத் தாண்டியது. 1698-ல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் டெல்ஃப்ட் வந்தபோது லூவன்ஹூக்கைப் படகுக்கு வரவழைத்துச் சந்தித்தார். விலாங்கு மீன் வாலில் ரத்தம் ஓடுவதைக் கண்ணாடி வழியாகக் காட்டினார் லூவன்ஹூக்.

இதில் ஒரு வேடிக்கை. பீட்டருக்குப் பல் பிடுங்குவதில் தீராத மோகம்! தன்னுடன் இருந்தவர்களுக்குத் தானே பல் பிடுங்கிவிடுவார். அவர் பிடுங்கிய பற்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. பல் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்த மனிதரும், பல்லைப் பிடுங்கியே தீர்க்கும் மனிதரும் ஒரே படகில். அன்றைய உலகம் இரண்டாவது வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

200 வருடம் காத்திருந்த பதில்

லூவன்ஹூக்குக்கு ஒரு குறை உண்டு. தன் சிறந்த கருவிகளையும், லென்ஸ் செய்யும் நுட்பத்தையும், தான் பார்க்கும் முறையையும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. சீடர்களும் இல்லை. 1723 ஆகஸ்ட் 26 அன்று, 90 வயதில் அவர் இறந்தபோது அந்த வித்தையும் அவரோடு போய்விட்டது. 26 வெள்ளி மைக்ராஸ்கோப்களை அவர் ராயல் சொசைட்டிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். மரியா அவற்றை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் அவையும் தொலைந்துபோயின.

விளைவு? அந்த வெள்ளை மாவு ஏன் ஆபத்து என்று புரிய இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன. அதுவரை கோடிக்கணக்கான மனிதர்கள் காரணம் தெரியாமலே வலியில் துடித்தார்கள், பற்களை இழந்தார்கள். 1890-ல்தான் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் விடையைப் புத்தகமாக எழுதினார். வாயில் உள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலில் உள்ள தாதுக்களைக் கரைக்கிறது. சொத்தை என்பது அவ்வளவுதான்.

1965-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு, லூவன்ஹூக் பார்த்த முதியவரின் கதையை வேறு விதமாக உறுதிசெய்தது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. தேய்த்தது மட்டும்தான்!

அவருக்குக் கிடைக்காதது... நமக்குக் கிடைத்திருப்பது!

லூவன்ஹூக்கின் குளியலறையில் இல்லாத சில விஷயங்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினாலே போதும்.

முதலாவது, ஃப்ளோரைடு பேஸ்ட். கரைய ஆரம்பித்த எனாமல் மறுபடியும் தாதுக்களைப் பிடித்துக்கொள்ள ஃப்ளோரைடு உதவும். வெறும் உப்பால் அது முடியாது; கரகரப்பான உப்பைத் தினமும் அழுத்தித் தேய்த்தால் பல்லும் ஈறும் தேயவும் கூடும். பெரியவர்களுக்கும் மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கும் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு ஓர் அரிசி அளவுதான். விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது, மென்மையான பிரஷ். அழுத்தம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். கடைவாய்ப் பல்லில் இருந்து ஆரம்பித்தால் அதைத் தவறவிட மாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள். இழைகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே.

மூன்றாவது, இடுக்கு. பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு பற்களுக்கு நடுவே முழுசாக நுழையாது. லூவன்ஹூக் குச்சி வைத்துக்கொண்டார். நமக்கு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலும், குட்டி பிரஷ்களும் மருந்துக்கடையிலேயே கிடைக்கின்றன. குண்டூசி, சேஃப்டி பின் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஈறு கிழிந்துவிடும்.

நான்காவது, இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவி, பல்லைக் காப்பாற்றும் எச்சில் அந்த நேரத்தில் ஓய்வில் இருக்கிறது. சாப்பிட்டது அப்படியே பல்லில் தங்கினால், கிருமிக்கு ராத்திரி முழுக்க விருந்து. காலையில் தேய்ப்பது பழக்கம். இரவில் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. குழந்தை பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவும் விடாதீர்கள்.

ஐந்தாவது, இனிப்பின் நேரம். எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை முறை என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு சாப்பிடும்போதும் கிருமிகள் அமிலம் விடும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். மணிக்கு ஒரு தடவை சர்க்கரை போட்ட டீ, நடுவில் ஒரு பிஸ்கட் என்று போய்க்கொண்டே இருந்தால், பல்லுக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் செய்தாலும், வெள்ளைப் படலம் நாளாக நாளாக இறுகிக் காரையாகிவிட்டால் அதை வீட்டில் எடுக்க முடியாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வலி வந்த பிறகு போகாமல், வலி இல்லாதபோதே போய்ப் பரிசோதித்துக்கொள்வது செலவையும் குறைக்கும், பல்லையும் காப்பாற்றும்.

கடைசி வரை பார்த்த கண்

லூவன்ஹூக்கின் கடைசி நாள்களில் அவருக்கு வயிற்றுக்கு மேலே விசித்திரமான துடிப்பு ஒன்று வந்தது. இதயக் கோளாறு என்று மருத்துவர் சொன்னபோது, அவர் ஏற்கவில்லை. தன் உடம்பையே கவனித்து, இது உதரவிதானத்தின் துடிப்பு என்று முடிவுக்கு வந்து, அதையும் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த அரிய பாதிப்புக்கு இன்று அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அவரைப் புதைத்த இடத்தில் மகள் மரியா நினைவுச் சின்னம் எழுப்பினார்.

ஊரே மெச்சும் வெள்ளைப் பற்கள் இருந்தும், என் பல் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவர் இருந்துவிடவில்லை. கண்ணாடியில் தெரியாத இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். நமக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம். இன்று இரவு பிரஷ்ஷை எடுக்கும்போது கடைசிக் கடைவாய்ப் பல்லில் இருந்து ஆரம்பியுங்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது!